நம்பர் பிளேட்டில் ஒரு பொட்டு

அத்தியாயம் 7

“கோபாலா, கையை எடு. அது சாட்சி.”

எடுத்தேன். நான் தொடப் போனது ஒரு பொட்டை. சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்த பொட்டு. அது ஒட்டியிருந்தது ஒரு கிரீம் கலர் ஃபோக்ஸ்வாகன் காரின் முன்பக்க நம்பர் பிளேட்டில். கார் நின்றது ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே போலீஸ் ஷெட்டில். 1972 அக்டோபர் கடைசி. குளிர் பேண்ட்டுக்குள் புகுந்து குசலம் விசாரித்துக்கொண்டிருந்தது.

“பொட்டெல்லாம் சாட்சி சொல்லும்னா, எங்க தெருவுல பாதிப் பேர் கூண்டுல நிக்கணும் மேடம்,” என்றேன்.

வேதவல்லி மேடம் சிரிக்கவில்லை. மெட்ராஸில் வக்கீலாக இருந்தவர். கணவரோடு இங்கே வந்ததும் அந்தப் படிப்பு செல்லாக்காசாகிவிட்டது. அதனால் டாக்டர் கெஸ்லர் என்ற ஜெர்மன் வக்கீலுக்காகத் துப்புத் துலக்குகிறார். நான் கோபாலன். முடியவே முடியாத ஓர் ஆராய்ச்சிக்கு மாணவன். மீதி நேரத்தில் மேடத்துக்கு டிரைவர், டைப்பிஸ்ட், திட்டு வாங்கும் ஆள்.

வழக்கு இதுதான். ஞானமுத்து பாளையங்கோட்டைக்காரன். இங்கே குடிநீர் சுத்திகரிப்பில் ஆராய்ச்சி செய்கிறான். ஊர் திரும்பப் போகிற டாக்டர் குருமூர்த்தியிடம் ஆயுதபூஜைக்கு மறுநாள் இந்தக் காரை வாங்கினான். பெயர் மாற்றுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். நம் ஊரில் அப்படித்தானே? கார் நாலு கை மாறியிருக்கும், ஆர்.சி. புத்தகத்தில் முதல் ஆள் பெயரே குந்தியிருக்கும். இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் விற்பவருக்குக் கோபம் வரும்.

ஒரு வாரம் கழித்து, டிராம் தண்டவாளத்தில் சைக்கிள் சறுக்கி விழுந்த ஒரு பெண்மணி மேல் கார் மோதிவிட்டது. பெயர் ஃப்ராவ் ஹோல்ட்ஸ் (ஃப்ராவ் என்றால் நம் ஊர்த் திருமதி), சலவைக்கடையில் வேலை பார்ப்பவர். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஞானமுத்து ஓடவில்லை. தன் கோட்டைக் கழற்றி அந்த அம்மாவுக்குப் போர்த்திவிட்டு, எதிர்க்கடைக்குப் போய்த் தானே போலீஸுக்குப் போன் செய்தான்.

வந்த போலீஸ்காரர் பின்பக்க நம்பர் பிளேட்டில் இருந்த பொட்டைக் கையுறையால் துடைத்தார். அதன் அடியில் இருக்க வேண்டிய வட்ட முத்திரை சுரண்டப்பட்டிருந்தது.

இந்த நாட்டில் அந்த முத்திரைதான் காருக்குத் தாலி. இன்ஷூரன்ஸ் இருந்தால்தான் பதிவு அலுவலகம் ஒட்டும். இன்ஷூரன்ஸ் நின்றுபோனால் கம்பெனி அலுவலகத்துக்குத் தகவல் சொல்லும், ஓர் ஆள் வீட்டுக்கே வந்து இரண்டு பிளேட்டிலும் சுரண்டிவிட்டுப் போவார். அதற்குப் பிறகு வண்டியை ரோட்டில் இறக்கினால், அபராதத்தைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற சமாசாரமில்லை. தெரிந்து ஓட்டினால் ஒரு வருஷம் வரை ஜெயில். தெரிந்தே ஓட்ட விட்ட கார் சொந்தக்காரனுக்கும் அதே. வெளிநாட்டுக்காரன் என்றால், ஜெயில் வாசலிலிருந்து நேரே விமான நிலையம்.

டாக்டர் குருமூர்த்தி போலீஸிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். முத்திரை போனதைச் சொல்லித்தான் காரைக் கொடுத்தாராம். இன்ஷூரன்ஸ் எடுக்கும் வரை ஓட்டாதே என்று எச்சரித்தாராம். கொடுத்தபோது பிளேட்டில் பொட்டே கிடையாதாம். மறைக்க நினைத்து ஞானமுத்துவே வைத்திருப்பானாம். டாக்டர் சொன்னால் ஜெர்மன் போலீஸுக்கு அது வேதவாக்கு. நாளைக் காலை விசாரணை. ஞானமுத்து தெரிந்து ஓட்டினானா, தெரியாமல் ஓட்டினானா? அவனுடைய படிப்பு, இந்த நாட்டில் தங்குவது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஞானமுத்து சர்ச்சுக்குப் போகிறவர். இந்தப் பொட்டு வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை,” என்றார் மேடம், ஷெட் காவலிலிருந்த ப்ரவுன் என்ற போலீஸ்காரரிடம், ஜெர்மனில்.

ப்ரவுன் தோளைக் குலுக்கினார். “இந்தியர்தானே, அம்மா.”

“போச்சு. அறுநூறு வருஷமா சாமி பேரால நாம சண்டை போட்டதெல்லாம் வேஸ்ட்,” என்று நான் தமிழில் முணுமுணுத்தேன்.

மேடம் காரைச் சுற்றி மெதுவாக நடந்தார். பானெட்டில் குனிந்தார். பெட்ரோல் மூடியில் குனிந்தார். சக்கரங்களின் நடுவில், கதவுக் கைப்பிடியில், வைப்பரின் அடியில். எல்லா இடத்திலும் சின்னச் சின்னப் பொட்டு. ஆயுதபூஜை அன்று டாக்டர் வீட்டுத் தாராளம்.

“கோபாலா, வண்டி எப்படி இருக்கு?”

“பளபளன்னு இருக்கு. விபத்துக்கு முந்தின சனிக்கிழமை கழுவினதா ஞானமுத்து சொன்னான். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரன் ஸ்பாஞ்ச் எடுத்தா இவனும் எடுத்துடுவான். பயந்த சுபாவம்.”

“பொட்டுப் பக்கத்துல பாரு.”

பார்த்தேன். பானெட் கண்ணாடி மாதிரி மின்னியது. ஆனால் பொட்டைச் சுற்றி மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு புழுதி வளையம். பெட்ரோல் மூடியிலும் நம்பர் பிளேட்டிலும் அதே வளையம். நாலு சக்கரத்திலும் அதே. ஒன்றைக்கூட ஸ்பாஞ்ச் தொடவில்லை. மணிக்கணக்காகச் சுற்றிச் சுற்றித் துடைத்திருக்கிறான் பாவி.

“முத்திரையை மறைக்கப் பொட்டு வெச்சவன் எதைக் காப்பாத்துவான்?” என்று கேட்டார் மேடம்.

“நம்பர் பிளேட்ல இருக்கறதை மட்டும்.”

“மத்ததை?”

“வழிச்சுப் போட்டுட்டுப் போவான். அவன் வீட்டுப் பூஜையா என்ன?” சொல்லும்போதே எனக்கு உறைத்தது. “மேடம்! இவனுக்கு எல்லாப் பொட்டும் ஒண்ணுதான். எது பூஜைக்கு வெச்சது, எது திருட்டுத்தனமா வெச்சதுன்னு தெரியாது. எல்லாத்தையும் சாமின்னு விட்டிருக்கான்!”

“அது பாதி. அவனுக்குத் தெரியாதுங்கறதுக்கு அது போதும். வெச்சது யாருங்கறது மீதி.”

ப்ரவுனிடம் அனுமதி கேட்டு, மேடம் கைக்குட்டை முனையை நனைத்து பானெட் பொட்டின் ஓரத்தில் தேய்த்தார். தேய்த்த இடத்தில் பொங்கிக்கொண்டு வெள்ளையாக ஏதோ வந்தது.

“என்ன மேடம் இது? சந்தனம் நுரைக்குது!”

“முகர்ந்து பாரு.”

முகர்ந்தேன். காலேஜ் ஹாஸ்டல் குளியலறை வாசனை அடித்தது. “சோப்பு! சந்தன சோப்பு!”

கார்ல்ஸ்ரூஹேயில் சந்தனக்கட்டைக்கு எங்கே போவது? யாரோ ஊரிலிருந்து வந்த சோப்பைச் சீவி, ஊறவைத்து, குழைத்துச் சாமிக்கு வைத்திருக்கிறார்கள். மேடம் நம்பர் பிளேட்டுக்கு வந்தார். அங்கே பொட்டு சின்னது இல்லை. அஞ்சு மார்க் காசு அகலத்துக்கு, அப்பியிருந்தது. ஓரத்தில் ஒரு துளி நனைத்துத் தேய்த்தார்.

அதுவும் நுரைத்தது.

“நீங்கள் பார்த்தீர்கள் இல்லையா?” என்று ப்ரவுனைக் கேட்டார். அவர் குனிந்து முகர்ந்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு வேலையில் சுவாரசியம் கண்டவர்போல் தலையாட்டினார்.

*

டாக்டர் குருமூர்த்தியின் ஃபிளாட்டில் பாதி வீடு பெட்டிகளுக்குள் போயிருந்தது. அடுத்த வாரம் விமானம். மெட்ராஸில் பேராசிரியர் வேலை காத்திருக்கிறது. அவர் மனைவி மல்லிகா எங்களுக்குக் காபி கொடுத்தார். நல்ல காபி. குடிக்கவே கஷ்டமாக இருந்தது.

“பாவம் அந்தப் பையன்,” என்றார் டாக்டர். சோபாவில் சாய்ந்துகொண்டு, உதட்டளவில் வருத்தத்தை வைத்துக்கொண்டு பேசினார். “படிச்சுப் படிச்சு சொன்னேன். வேதவல்லி, நீங்களே சொல்லுங்க, இந்த ஊர் ரூல்ஸ் தெரியாம இருக்கலாமா?”

“காரைக் கொடுக்கும்போது பிளேட்ல பொட்டு இல்லைன்னு சொன்னீங்களாமே?” என்றார் மேடம்.

“ஆமா. பிளேட் சுத்தமா இருந்தது. முத்திரை இல்லாதது பளிச்சுன்னு தெரிஞ்சது. கண்ணு இருக்கறவன் பாத்திருப்பான்.”

“பூஜையில பிளேட்டுக்கு வைக்கலையா?”

“இல்லவே இல்லை. பானெட், சக்கரம், அவ்வளவுதான்.”

மேடம் காபியை வைத்துவிட்டு மல்லிகா பக்கம் திரும்பினார். “தீபாவளி வருது. சந்தனம் கொஞ்சம் இருந்தா கொடுங்களேன். இங்க எங்க தேடியும் கிடைக்கலை.”

மல்லிகாவின் முகம் மலர்ந்தது. “ஐயோ, எங்க கிட்ட ஏது? நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சிரிக்கக் கூடாது. அம்மா அனுப்பின சந்தன சோப்பைச் சீவி, வெந்நீர்ல ஊறவெச்சு, மஞ்சள்பொடி போட்டுக் குழைச்சேன். அச்சு அசல் சந்தனம்! கடைசி சோப்பு அது.”

“வேற யார் வீட்டுலயாவது இப்படிப் பண்ணுவாங்களா?”

“யாருக்கும் சொல்லலை. சொன்னா மானம் போகாது?”

“மிச்சம் இருந்ததா?”

“ஒரு துளி இல்லை. பூஜை முடிஞ்ச கையோட கிண்ணத்தைக் கழுவிக் கவுத்துட்டேன்.”

“ஞானமுத்து எப்ப வந்தார்?”

“மறுநாள் மத்தியானம். சாவி வாங்க.”

டாக்டரின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் முட்டாள் இல்லை. எனக்கு முன்னால் அவருக்கு விளங்கிவிட்டது.

“அந்த பிளேட் பொட்டு நுரைக்குது டாக்டர்,” என்றேன் நான். “போலீஸ்காரர் முன்னாடியே நுரைச்சது. இன்னும் கொஞ்சம் தேய்ச்சிருந்தா ஷேவிங்கே பண்ணிருக்கலாம்.”

“கோபாலா!” என்று அதட்டினார் மேடம். பிறகு டாக்டரிடம், “பிளேட்டுக்கு வெச்சது இந்த வீட்டுச் சந்தனம். மறுநாள் வந்த ஞானமுத்துவுக்கு அது கிடைக்க வழியே இல்லை,” என்றார்.

டாக்டர் டம்ளரை வைத்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. “சரி. மறந்துட்டேன். பிளேட்டுக்கும் பொட்டு வெச்சோம். பூஜைன்னா வைக்கறதுதான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? முத்திரை இல்லைன்னு வாயால சொல்லிட்டுத்தானே கொடுத்தேன்?”

இதுதான் படித்தவனோடு வரும் தொல்லை. ஒரு கதவைச் சாத்தினால் இன்னொரு கதவைத் திறந்துவிடுவான்.

மேடம் அவரைப் பார்க்கவே இல்லை. மல்லிகாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “மல்லிகா, பிளேட் பொட்டு நீங்க வெச்சதா?”

மல்லிகா கணவரைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கத் தொடங்கியிருந்தது. என்ன வழக்கு, யார் கையில் யார் தலை என்று.

“நீங்க பதில் சொல்ல வேண்டாம்,” என்றார் மேடம் மெதுவாக. “புருஷனுக்கு எதிரா மனைவி பேசணும்னு இந்த நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்தாது. நாளைக்கு நீதிபதியும் இதைத்தான் சொல்வார்.”

“எனக்குச் சட்டம் தெரியாது,” என்றார் மல்லிகா. “நான் வெச்சதெல்லாம் மோதிர விரலால, சின்னப் பொட்டு. சந்தனம் கொஞ்சம்தான் இருந்தது, எண்ணி எண்ணி வெச்சேன். கடைசியில இவர்தான் கிண்ணத்தை வாங்கிண்டார். ‘நீ உள்ளே போய் சுண்டலைப் பாரு, மீதியை நான் வைக்கறேன்’னார். ஆறு வருஷத்துல ஒரு பூஜைக்குக் கை கொடுக்காத மனுஷன். எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமா?”

“மல்லிகா!” என்றார் டாக்டர்.

“பிளேட்ல வழிச்சு அப்பிட்டீங்க. ஏங்க இப்படின்னு கேட்டதுக்கு, ‘பார்வைக்கு நல்லா இருக்கும்’னு சொன்னீங்க.”

மேடம் எழுந்தார். “டாக்டர், முத்திரை போனதைச் சொல்லிட்டுக் கொடுக்கறவர், அதே இடத்தை முதல் நாளே எதுக்கு மூடி வைக்கணும்? யார்கிட்டேர்ந்து மறைச்சீங்க? வாங்க வரவன்கிட்டேர்ந்துதானே?”

இத்தனை நேரத்தில் முதல் முறையாக டாக்டருக்குக் கோபம் வந்தது. “ஊருக்குப் போறோமேன்னு இன்ஷூரன்ஸை முன்னாடியே நிறுத்தினேன். உடனே ஒருத்தன் வந்து சுரண்டிட்டுப் போவான்னு யார் கண்டா? அப்புறம் எந்த ஜெர்மன்காரனும் வாங்க மாட்டேங்கறான், முதல்ல பிளேட்டைத்தான் பாக்கறான். இவன் ஒருத்தன்தான் கேள்வி கேக்காம வாங்கினான். பத்து நாள்ல பேர் மாத்தும்போது தானா சரியாயிடும்னு நெனச்சேன். இடிப்பான்னு நெனச்சேனா?”

அந்த ஆளைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது எனக்கு. திருட்டுத்தனத்துக்காக இல்லை. ‘கேள்வி கேட்காமல் வாங்கினான்’ என்று ஞானமுத்து மேலேயே குற்றம் சொன்ன அந்தக் குரலுக்காக. ஞானமுத்து இவரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவான். இவர் வந்தால் எழுந்து நிற்பான்.

கதவருகில் மல்லிகா மேடத்தின் கையைப் பிடித்தார். “நாளைக்கு வந்து சொல்றேன். அடுத்த வாரம் இவரோடதான் ஊருக்குப் போகணும். அதையும் தெரிஞ்சுண்டுதான் சொல்றேன்.”

தெருவுக்கு வந்த பிறகு, “அந்தப் பொண்ணு விமானத்துல எப்படி உக்காந்துண்டு போகும், கோபாலா?” என்று மேடம் கேட்டார்.

*

சாயங்காலம் டாக்டர் கெஸ்லரின் ஆபீஸில் ஜெயித்த திமிரோடு நுழைந்தேன். ஞானமுத்து ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். கோட்டு இல்லை. ஃப்ராவ் ஹோல்ட்ஸுக்குப் போர்த்தியதைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு, அப்படியே நடமாடிக்கொண்டிருந்தான்.

மேடம் எல்லாவற்றையும் சொன்னார். புழுதி வளையம், நுரை, மல்லிகாவின் வாக்குமூலம். கெஸ்லர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அற்புதம்,” என்றார் கடைசியில். “தெரிந்து ஓட்டினார் என்ற குற்றச்சாட்டு விழுந்துவிடும். டாக்டர் குருமூர்த்தி மேல் வழக்கு வரும். அபராதம் கட்டுவார், விமானம் ஏறுவார். அவருடைய ஊரில் இதை யாரும் கேட்கப்போவதில்லை.”

“அப்ப ஞானமுத்துவுக்கு விடுதலை?” என்றேன்.

கெஸ்லர் கண்ணாடியைக் கழற்றினார். “தெரிந்து ஓட்டுவது ஒரு குற்றம். தெரிந்துகொள்ள வேண்டியதைக் கவனிக்காமல் ஓட்டுவது இன்னொரு குற்றம். சின்னது, ஆனால் குற்றம்தான். ஆறு மாதம் வரை போகலாம். இவருக்கு அபராதத்தோடு முடியும் என்று நம்புகிறேன்.”

“அவர் எப்படிக் கவனிச்சிருக்க முடியும்? மூடி வெச்சிருந்ததே!” என்றேன்.

“நீங்கள்தானே நிரூபித்தீர்கள்?” என்றார் கெஸ்லர், வருத்தத்தோடுதான். “ஈர ஸ்பாஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, முத்திரை இருக்க வேண்டிய இடத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றிருக்கிறார். முன்னாலும் பின்னாலும். ஒரே ஒரு முறை துடைத்திருந்தால் தெரிந்திருக்கும். அரசு வக்கீல் அந்தப் புழுதி வளையத்தைத்தான் முதலில் காட்டுவார்.”

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பையனைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த அதே வளையம்தான் இப்போது அவனைச் சுற்றி விழுந்திருந்தது. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. ஆத்திரமும் வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

கெஸ்லர் நிறுத்தவில்லை. இப்படிப்பட்ட விபத்துகளுக்கென்று உள்ள நிதி ஃப்ராவ் ஹோல்ட்ஸுக்கு நஷ்டஈடு கொடுத்துவிடும். பிறகு அதை ஞானமுத்துவிடமிருந்து வருஷக்கணக்கில் வசூலித்துக்கொள்ளும். இங்கே தங்கும் அனுமதியை நீட்டிப்பது வெளிநாட்டவர் அலுவலகத்தின் இஷ்டம். தீர்ப்பில் நீதிபதி இரண்டு நல்ல வார்த்தை எழுதினால் அவர்கள் விட்டுவிடக்கூடும்.

ஞானமுத்து எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டான். அவனுக்கு ஜெர்மன் என்னைவிட நன்றாக வரும்.

மேடம் அவனிடம் தமிழில் கேட்டார். “ஏன்ப்பா, ஒரு தடவைகூடத் துடைச்சுப் பாக்கணும்னு தோணலையா?”

“அது அவங்க சாமி விஷயம்லா அக்கா,” என்றான். “நான் வேத்து மதக்காரன். அண்ணாச்சி நம்பிக் கொடுத்த வண்டி. நான் எப்படி அதுல கை வைக்க? மல்லிகா அக்கா பாத்தா மனசு கஷ்டப்படாதா?”

“என்ன சொல்கிறார்?” என்றார் கெஸ்லர்.

மேடம் மொழிபெயர்த்தார். கெஸ்லர் நல்ல வக்கீலுக்குரிய அக்கறையோடு முன்னால் சாய்ந்தார்.

“இது மிக நல்ல குணம். நாளை இதைச் சொல்ல வேண்டாம். நீதிபதி உங்களிடம் கேட்பார்: இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? துடைத்துப் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். திருந்திவிட்டீர்கள் என்று தெரிந்தால் அந்த நல்ல வார்த்தையை அவர் எழுதுவார். சொல்வீர்களா?”

ஞானமுத்து நிமிர்ந்தான். அவன் கண்ணில் கண்ணீர் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கெஸ்லரைப் பார்க்காமல், மேடத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

“துடைச்சிருதேன் அக்கா. இனிமே யாரு சாமியா இருந்தாலும், எவ்வளவு பெரிய மனுசன் வச்சிருந்தாலும், முதல்ல துடைச்சுப் பாத்துட்டுத்தான் கும்பிடு போடுவேன்.”

“என்ன சொல்கிறார்?” என்று மறுபடி கேட்டார் கெஸ்லர்.

மேடம் சுருக்கமாக மொழிபெயர்த்தார். “சரி என்கிறார்.”

கெஸ்லர் எழுந்து வந்து, ஞானமுத்துவின் தோளில் அன்பாகத் தட்டிக் கொடுத்தார்.

“நல்லது,” என்றார். “கற்றுக்கொண்டுவிட்டார்.”